நாடி ஒடுங்கும் வேளை

அதிர்ச்சி என்ற சொல்லுக்குப் பொருள் யாதென எம் வகுப்பு மாணவரை வினவினால், திடுக்கிடுதல், எதிர்பாராத செய்தி கேட்டு மனங் கலங்குதல், மின்சாரம் தாக்குதல் என்பனவற்றையே கூறுவர். அகராதியும் அவர்கள் பக்கமே நிற்கும். ‘மகன் இறந்த அதிர்ச்சியில் தாய் மரணம்’ என்றெழுதும் நாளிதழ்களும் அப்பொருளையே உறுதி செய்கின்றன. ஆயின், வைத்தியசாலையிலே ஆபத்தான நிலையிற் கிடக்கும் ஒரு நோயாளியின் குறிப்பேட்டில் இச்சொல் எழுதப்படும்போது, அதற்கும் மனக்கலக்கத்துக்கும் தொடர்பில்லை. உடலின் இழையங்களுக்கு வேண்டிய ஒட்சிசனைக் குருதியோட்டம் கொண்டு சேர்க்கத் தவறும் நிலையே வைத்தியர் கூறும் அதிர்ச்சி. நோயாளி திடுக்கிடுவதில்லை, பல வேளைகளில் அமைதியாகவே கிடக்கிறான். அந்த அமைதியே அருகிருப்போரை ஏமாற்றுவது.

நாமும் ஒருமுறை ஏமாந்தோம். தேற்றாத்தீவிலே எம்மிடம் படித்த மாணவி ஒருத்தி மூன்று நாட் காய்ச்சலுக்குப் பின் நான்காம் நாளும் பாடசாலைக்கு வராதிருக்க, மாலையில் அவள் வீட்டுக்குச் சென்றோம். “காய்ச்சல் விட்டுத்து சேர், புள்ள இப்ப சும்மாதான் படுத்திரிக்கா” என்றார் தாய். பிள்ளையும் எழுந்திருந்து, கேட்ட கேள்விக்கெல்லாம் தெளிவாகவே விடை சொன்னாள். தண்ணீர் தண்ணீர் என்று கேட்டாள். வயிறு வலிக்கின்றது என்றாள். விடைபெறும்போது அவள் கையைத் தொட்டோம். அது குளிர்ந்திருந்தது. காய்ச்சல் தணிந்ததன் அடையாளம் என்று நாம் மகிழ்ந்தோம். நன்றாக உறங்கட்டும் என்று தாய்க்கு அறிவுரையுங் கூறிவிட்டு வந்தோம். பல்கலைக்கழகப் பட்டமும் ஆசிரியத் தொழிலும் எமக்கு அவ்வளவு அறிவையே தந்திருந்தன. அயலிலிருந்த கிழவி ஒருவரே, பிள்ளையின் காலும் குளிர்ந்திருப்பதைக் கண்டு, அவளை அன்றிரவே முச்சக்கர வண்டியில் ஏற்றி வைத்தியசாலைக்கு அனுப்பினார். அங்கே தாதி ஒருவர் அளந்தபோது குருதியமுக்கத்தின் மேலெண் 90, கீழெண் 75. பிள்ளை பிழைத்துக்கொண்டாள். அந்த இரண்டு எண்களுக்கிடையே இருந்த இடைவெளியின் பொருள் என்னவென்று பின்னர் தேடப் புகுந்தபோது எமக்குத் தெரிய வந்த வரலாறே இக்கட்டுரை.

அந்தக் கிழவி எந்த நூலையும் படித்தவரல்லர். கை கால் குளிர்தல், பிசுபிசுத்த வியர்வை, நூல்போல் ஓடும் நாடி, வறண்ட நா, சிறுநீர் அற்றுப் போதல் என்பவற்றை எம் முன்னோர் நன்கறிந்திருந்தனர். ‘நாடி ஒடுங்கிற்று’ என்ற தொடர் மரணப் படுக்கையருகே பிறந்ததென்பதில் ஐயமில்லை. சித்த வைத்தியம் சன்னியைப் பதின்மூன்றாக வகுத்தது. சிங்கள மக்களின் சன்னி யகும என்னும் சாந்திக் கூத்திலே பதினெட்டுச் சன்னிப் பேய்கள் ஆடுகின்றன. மட்டக்களப்புப் பகுதியின் கண்ணகியம்மன் கோவில்களில் வைகாசித் திங்களில் நிகழும் குளிர்த்திச் சடங்கு, கோடையின் வெம்மையும் கொள்ளை நோயும் ஊரை விட்டகல வேண்டுமென்ற கூட்டு வேண்டுதலாகும். இவற்றை மூடநம்பிக்கை என்று ஒரு சொல்லில் ஒதுக்குவது எளிது. ஆனால் அது வரலாற்று நோக்காகாது. அறிகுறியைக் கண்டு நோய்க்குப் பெயரிடுவது அறிவின் முதற்படி. ஒரே அறிகுறி வேறு வேறு காரணங்களாற் பிறக்கலாம் என்று காண்பது அடுத்த படி. மேனாட்டு மருத்துவமும் அந்த இரண்டாம் படியில் ஏற இரு நூற்றாண்டுகள் இடறிற்று.

சொல்லின் கதை போர்க்களத்திலே தொடங்குகிறது. பிரெஞ்சு அறுவை வைத்தியரான லெ திரான் 1737ஆம் ஆண்டிலே துப்பாக்கிக் காயங்கள் பற்றி ஒரு நூல் எழுதினார். குண்டு உடலைத் தாக்கும் குலுக்கத்தை அவர் குறித்தார். 1743இல் அந்நூலை ஆங்கிலத்தில் ஆக்கியவர் அவ்விடத்தில் இட்ட சொல்லே இன்று உலகெங்கும் வழங்கும் ‘ஷொக்’. மோதலைக் குறித்த சொல், மெல்ல மெல்ல மோதலின் பின் வரும் வீழ்ச்சியைக் குறிப்பதாயிற்று. 1867இல் எட்வின் மொறிஸ் என்பார் அறுவைக்கும் காயத்துக்கும் பின் வரும் அதிர்ச்சியைப் பற்றியே ஒரு தனி நூல் வெளியிட்டார். அதே 1867இல், எமது தீவின் வடபுலத்திலே, மானிப்பாயில் வைத்தியம் செய்தும் கற்பித்தும் வந்த அமெரிக்க மிசன் வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன், ஆங்கில அறுவை நூலொன்றைத் தழுவிய ‘இரணவைத்தியம்’ என்னும் தமிழ் நூலை வெளிக்கொணர்ந்தார். தாய்மொழியிலே மருத்துவம் கற்பிக்க முடியும் என்று அன்றே செய்து காட்டப்பட்டது. அவ்வழி பின்னர் தூர்ந்து போனமையே, இன்று ஒரு தாய்க்குத் தன் பிள்ளையின் நோயை அவளது மொழியில் விளக்கச் சொல்லில்லாமல் நாம் தடுமாறுவதற்கு ஒரு காரணம். ‘அதிர்ச்சி’ என்ற மொழிபெயர்ப்பும் ஆங்கிலச் சொல்லின் பழைய பிழையை அப்படியே சுமந்து வந்து நிற்கிறது.

போர்க்களத்துக்கு வெளியே, ஏழைகளின் சேரிகளில், இதே வீழ்ச்சி வேறொரு கோலத்திற் காணப்பட்டது. 1817இல் வங்கத்திலிருந்து பரவத் தொடங்கிய வாந்திபேதி, வணிகக் கப்பல்களோடும் படைகளோடும் பயணஞ் செய்து 1831இல் இங்கிலாந்தை அடைந்தது. காயமில்லை, குண்டில்லை. ஆயினும் நோயாளியின் கண் குழிந்தது, தோல் நீலம் பாரித்தது, நாடி மறைந்தது. ஓஷோனெசி என்ற இளம் வைத்தியர் நோயாளரின் குருதியைப் பகுத்துப் பார்த்து, அதிலே நீரும் உப்புகளுங் குறைந்திருப்பதைக் கண்டார். அதனைப் படித்த தோமஸ் லற்றா, 1832இல் ஸ்கொத்லாந்தின் லீத் நகரிலே, மரணத்தின் வாயிலில் இருந்த ஒரு முதிய பெண்ணின் நாளத்திலே உப்புநீரைச் செலுத்தினார். அரைமணி நேரத்தில் ஆறு பைந்து நீர் ஏறிற்று. மறைந்த நாடி மீண்டது, முகம் தெளிந்தது, அவள் பேசினாள். லற்றா களைப்போடு வீடு திரும்பினார். பேதியோ நிற்கவில்லை. உப்புநீரை மீண்டும் செலுத்துவார் இல்லாமையால் சில மணி நேரத்தில் அவள் இறந்தாள்.

இந்நிகழ்ச்சியிலிருந்து மருத்துவ உலகம் கற்றிருக்க வேண்டியது, வெளியேறும் அளவுக்கு உட்செலுத்திக்கொண்டே இருத்தல் வேண்டும் என்பதேயாகும். அது கற்றதோ, உப்புநீரால் இறுதியிற் பயனில்லை என்பது. குருதியை மேலும் வடித்தெடுப்பதும் பேதிமருந்து கொடுப்பதுமான பழைய முறைகளே தொடர்ந்தன. நீரற்று வாடும் உடலிலிருந்து இன்னும் நீரை எடுத்தார்கள்! 1833இல் லற்றா மறைந்தார். அவரது முறையும் பல பதின்மாண்டுகளுக்கு மறக்கப்பட்டது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலே கல்கத்தாவில் லெனாட் றோஜர்ஸ் அதனைப் புதுப்பித்தபோது வாந்திபேதியின் இறப்பு ஏறக்குறைய அரைப்பங்காகக் குறைந்தது. அதற்கிடையில் இறந்தோரின் தொகையை யார் கணக்கிடுவர்? அவர்களிற் பெரும்பாலோர் பஞ்சத்தாலும் குடியேற்ற ஆட்சியின் புறக்கணிப்பாலும் ஏற்கனவே பாதி இறந்திருந்த குடியானவர்கள்.

எமது ஊர் தன் பெயரிலே தேற்றா மரத்தைத் தாங்கி நிற்பது. தேற்றாங்கொட்டையைக் குடத்தின் உட்புறத்தில் உரைத்துக் கலங்கல் நீரைத் தெளிய வைக்கும் வழக்கம் தமிழ்நிலத்தின் மிகப் பழைய அறிவுகளில் ஒன்று. ஆனால் தெளிந்த நீரெல்லாம் தூய நீராகாது. வாந்திபேதிக் கிருமி கண்ணாடிபோன்ற நீரிலும் இருக்கும். வாவிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட மணற்றிடரிலே வாழும் எம்மவருக்கு இது ஏட்டுப் பாடமன்று. 1978 நவம்பர்ச் சூறாவளிக்குப் பின்னும் 2004 டிசம்பர் ஆழிப்பேரலைக்குப் பின்னும், கிணற்று நீரைக் கொதிக்க வைத்துப் பருகுமாறு முகாம்களில் மீள மீளக் கூறப்பட்டதன் காரணம் இதுவே.

முதலாம் உலகப்போரின் பதுங்கு குழிகள் மறுபடியும் இவ்வினாவை எழுப்பின. குருதி அதிகம் சிந்தாத வீரனும், தொடை எலும்பு நொறுங்கிய சில மணி நேரத்தில் வெளிறிக் குளிர்ந்து இறந்தான். ஏன்? அமெரிக்க உடற்றொழிலியலாளர் வோல்ற்றர் கனன் முதலியோர் பிரான்சின் களங்களுக்கே சென்று ஆராய்ந்தனர். நசுங்கிய தசையிலிருந்து ஏதோ ஒரு நஞ்சு குருதியிற் கலக்கின்றது என்ற கொள்கை அக்காலத்திலே மேலோங்கிற்று. 1930இல் வண்டர்பில்ற் பல்கலைக்கழகத்திலே அல்பிரட் பிளலொக் மிக எளியதொரு சோதனையாற் கொள்கையின் வேரை அசைத்தார். மயக்கிய விலங்கின் ஒரு பின்னங்காலை நசுக்கி, பின்னர் இரு கால்களையும் நிறுத்துப் பார்த்தார். நசுங்கிய கால் கனத்திருந்தது. உடலை விட்டு வெளியேறாத குருதியும் குருதித் திரவமும் அக்காலின் இழையங்களுள்ளே தேங்கிக் கிடந்தன. இறப்புக்குக் காரணங்காண அவ்விழப்பே போதுமானது. மாய நஞ்சு எதுவும் வேண்டுவதில்லை.

இவ்விடத்திலே இன்னொருவரைக் குறிப்பிடாது செல்லுதல் நீதியாகாது. அதே 1930 பெப்ரவரியில் பிளலொக்கின் ஆய்வுகூடத்திலே வேலைக்குச் சேர்ந்தவர் விவியன் தோமஸ் என்ற பத்தொன்பது வயதுக் கறுப்பின இளைஞர். தச்சுத் தொழில் பழகியவர். மருத்துவம் படிக்கச் சேமித்த பணத்தைப் பொருளாதார வீழ்ச்சியில் இழந்தவர். அடுத்து வந்த ஆண்டுகளில் அதிர்ச்சி பற்றிய சோதனைகளிற் பெரும்பகுதியை நடத்திய கைகள் அவருடையவை. சம்பளப் பட்டியலிலோ அவரது பதவி துப்புரவுத் தொழிலாளி என்றே பதியப்பட்டிருந்தது. 1944இல், நீலம் பாரித்துப் பிறந்த குழந்தைகளுக்கான புகழ்பெற்ற இருதய அறுவையைப் பிளலொக் செய்தபோது, அவருக்குப் பின்னால் ஒரு படிப்பலகையில் நின்று ஒவ்வொரு தையலுக்கும் வழிகாட்டியவரும் இவரே. 1976இல் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழகம் அவருக்குக் கௌரவக் கலாநிதிப் பட்டம் வழங்கிற்று. இரண்டாம் உலகப்போரிலே காயமுற்றோரின் அதிர்ச்சியை நீக்கக் குருதித் திரவத்தைச் சேமித்து அனுப்பும் ஏற்பாட்டை அமைத்தவர்களுள் முதன்மையான சாள்ஸ் துறூவும் கறுப்பினத்தவர். அந்தச் சேமிப்பு நிலையங்களோ முதலிற் கறுப்பரின் குருதியை ஏற்க மறுத்தன. 1942 தொடக்கம் அதனை வேறு போத்தலில் வைத்தன. குருதிக்கு நிறம் ஒன்றே என்று விஞ்ஞானம் அன்று அறியாமலிருக்கவில்லை.

1934இல் பிளலொக் அதிர்ச்சியை நான்காகப் பகுத்தார். குருதியின் அளவு குறைதல், நாளங்கள் விரிதல், நரம்புகளின் கட்டுப்பாடு தளர்தல், இருதயமே பழுதுறுதல் என்பன அவர் கண்ட காரணங்கள். 1970களின் தொடக்கத்தில் மக்ஸ் ஹரி வைல், ஷூபின் முதலியோரின் பணியால் இப்பகுப்பு இன்றைய வடிவம் பெற்றது. நரம்பும் நாளமும் ஒரே வகையுள் அடங்கின. குருதியின் பாதை அடைபடுதல் என்பது தனி வகையாயிற்று.

வயலும் வாய்க்காலும் அறிந்த எம் வாசகருக்கு இது கடினமன்று. படுவான்கரையிலே ஒரு விவசாயியின் பயிர் வாடுகிறதென்று கொள்வோம். குளத்தில் நீர் வற்றியிருக்கலாம்: குருதி சிந்தினாலும், பேதியால் நீர் போனாலும், தீக்காயத்தாற் கசிந்தாலும் உண்டாகும் அதிர்ச்சி இவ்வகை. குளம் நிறைந்திருந்தும் நீரிறைக்கும் யந்திரம் பழுதாகியிருக்கலாம்: மாரடைப்பின் பின் வருவது. யந்திரம் ஓடியும் வாய்க்காலின் வரம்புகள் எங்கும் உடைந்து, நீர் பரந்து, பயிரின் அடிக்கு ஏறாதிருக்கலாம்: கிருமித்தொற்று குருதியிற் பரவும்போதும் ஒவ்வாமையின்போதும் முள்ளந்தண்டு முறிவின்போதும் நிகழ்வது. அல்லது மரக்கட்டை ஒன்று மதகை அடைத்திருக்கலாம்: நுரையீரற் குழாயிற் குருதிக்கட்டி சிக்குதலும், இருதய உறையிலே நீர் தேங்கி இருதயத்தை நெருக்குதலும் இதன்பாற்படும். பயிர் வாடும் தோற்றம் நான்கிலும் ஒன்றே. ஆனால் யந்திரம் பழுதான இடத்திலே குளத்தை மேலும் நிரப்பினால் கட்டு உடையுமேயன்றிப் பயிர் பிழைக்காது. மாரடைப்புற்றவனுக்குக் கண்மூடித்தனமாகச் சேலைன் ஏற்றினால் அந்நீர் அவன் நுரையீரலிலே தேங்கும். ஆகவே வகை காணுதல் புலமை விளையாட்டன்று.

வைத்தியர் எவ்வாறு வகை காண்கிறார்? கை குளிர்ந்து கழுத்து நாளம் சுருங்கியிருந்தால் நீரிழப்பு என ஐயுறுவர். கை குளிர்ந்து கழுத்து நாளம் புடைத்திருந்தால் இருதயத்தையோ அடைப்பையோ தேடுவர். நாடி விரைந்திருந்தும் கை வெதுவெதுப்பாயிருந்தால் நாளங்கள் விரிந்தனவென்று கருதுவர். கிருமித்தொற்றின் தொடக்கத்தில் இத்தோற்றமே பெரும்பாலும் காணப்படும். எல்லா வகையிலும் சிறுநீர் குறையும்; நேரஞ் செல்ல அறிவு மயங்கும். ஒரே நோயாளியில் இரண்டு வகைகள் பின்னிக் கிடப்பதும் உண்டு.

பாம்புக்கடியைப் பாருங்கள். வயலிலே விரியன் தீண்டிய விவசாயிக்கு நஞ்சாற் குருதி உறையாது பெருகி முதலாம் வகை அதிர்ச்சி வரலாம். அவனைக் காக்க ஏற்றும் நஞ்சுமுறியே, குதிரையின் குருதியிலிருந்து எடுக்கப்படுவதாகையால், ஒவ்வாமையை மூட்டி மூன்றாம் வகை அதிர்ச்சியைத் தரலாம். இலங்கை வைத்தியசாலைகளிலே நெடுங்காலம் பயன்பட்டு வந்த நஞ்சுமுறி இந்தியாவிலே, இந்தியப் பாம்புகளின் நஞ்சைக்கொண்டு செய்யப்பட்டது. 2011இல் இலங்கை ஆய்வாளர் ஆயிரத்துக்கு மேற்பட்ட நோயாளரிடையே நடத்திய ஓர் ஆய்வு, நஞ்சுமுறிக்கு முன் சிறிதளவு அட்ரினலின் ஊசி கொடுத்தால் முதல் மணி நேரத்துக் கடும் ஒவ்வாமை நூற்றுக்கு 43 வீதம் குறைவதைக் காட்டிற்று. மலிவான மருந்து, பயன்பெறுவோர் சேற்றிலே வெறுங்காலோடு இறங்குவோர். எமது நாட்டிலே செய்யப்பட்ட ஆய்வுகளுள் இதைப் போல் எம் நெஞ்சுக்கு நெருங்கியவை சிலவே.

வங்கத்தின் கதையும் அத்தகையதே. சம்பு நாத் தே 1959இல் வாந்திபேதிக் கிருமி வெளிவிடும் நச்சுப்பொருளே குடலிலிருந்து நீரை இறைக்கின்றது என்று நிறுவினார். தம் நாட்டிற் பெருங் கௌரவம் எதுவுமின்றி 1985இல் மறைந்தார். உப்போடு சர்க்கரையும் சேர்ந்தால் நோயுற்ற குடலும் நீரை உறிஞ்சும் என்ற அறிவு 1968இல் டாக்காவிலே நோயாளரிடத்தில் மெய்ப்பிக்கப்பட்டது. 1971இல் கிழக்கு வங்கத்திலிருந்து அகதிகள் எல்லை தாண்டிவந்து பங்காவ் நகரிற் குவிந்தனர். வாந்திபேதி வெடித்தது. நோயாளர் நிலத்திலே கிடந்தனர். சேலைன் தீர்ந்து போயிற்று. அங்கிருந்த வைத்தியர் திலீப் மகாலானாபிஸ், உப்பு, சோடா, குளுக்கோஸ் மூன்றையும் பொதிகளாகக் கட்டுவித்து நீரிற் கரைத்து, நோயாளரின் உறவினர் கையிலேயே கொடுத்துப் பருக்கச் செய்தார். நூற்றுக்கு 30ஆக இருந்த இறப்பு 4க்கும் கீழே இறங்கியது. நாளத்தில் ஊசி குத்தத் தெரிந்தவனுக்காகக் காத்திராமல் தாயே வைத்தியம் செய்யலாயிற்று. லற்றா விட்ட இடத்திலிருந்து 139 ஆண்டுகள் கழித்து ஒரு முகாமின் சேற்றில் அப்பணி நிறைவெய்தியது.

இனி எம் மாணவியிடம் மீள்வோம். டெங்குக் காய்ச்சல் பழைய நோய். ஆனால் அதன் கொடிய வடிவம் 1950களிலே மணிலாவிலும், 1958இல் பாங்கொக்கிலும் தோன்றி மருத்துவ உலகைத் திகைக்க வைத்தது. காய்ச்சல் தணிந்த நாளிலே பிள்ளைகள் குளிர்ந்து இறந்தனர். தொடக்கத்தில் நூற்றுக்குப் பத்துக்கு மேல். குருதி வெளியே சிந்துவது சிறிதே. பேதியுமில்லை. நீர் எங்கே போயிற்று? நாளங்களின் சுவர் சல்லடைபோற் கசிந்து, குருதித் திரவம் நெஞ்சறையிலும் வயிற்றறையிலும் தேங்குவதைத் தாய்லாந்து வைத்தியர் கண்டனர். இதுவும் முதலாம் வகைதான். ஆனால் குளம் வற்றியது கரை கசிந்தமையால். திரவம் போகச் செங்குழியங்கள் நெருங்குவதாற் குருதி தடிக்கும். அதை அளந்தே கசிவை மதிப்பிடுவர்.

எண்களின் இடைவெளிக்கும் இங்கேதான் விளக்கமுண்டு. திரவங் குறையும்போது உடல் தன் நாளங்களை இறுக்கி முக்கிய உறுப்புகளுக்குக் குருதியைக் காக்க முயல்கிறது. இறுக்கத்தாற் கீழெண் ஏறுகிறது. மேலெண் சிறிது நேரம் தன் நிலையில் நிற்கிறது. இரண்டும் நெருங்கி இடைவெளி 20 அல்லது அதற்குங் கீழே வந்தால் அதிர்ச்சி தொடங்கிவிட்டதென்பது உலக சுகாதார நிறுவனம் 1970களிலே வகுத்த அளவு. எம் மாணவியின் இடைவெளி 15. மேலெண் 90 என்பதை மட்டும் பார்ப்பவர், சிறு பிள்ளைக்கு இது போதும் என்று கருதக்கூடும். அவளும் பேசிக்கொண்டே இருப்பாள். மேலெண்ணும் சரிந்து வீழும் வேளையிற் காலம் பெரும்பாலும் கடந்திருக்கும்.

கசிவு ஏறக்குறைய ஒன்று அல்லது இரண்டு நாள் நீடித்துத் தானே நிற்கும். பின்னர் தேங்கிய நீர் மீண்டும் நாளத்துக்குத் திரும்பும். அவ்விடைக்காலத்தில் ஏற்றும் நீர் குறைந்தால் அதிர்ச்சி. மிகுந்தால் மூச்சு முட்டும். மணிக்கு மணி அளந்து ஏற்றுவதன்றி வேறு மருந்தில்லை. கியூபாவில் 1981இல் 3,44,203 பேரைப் பீடித்த டெங்கு 158 உயிர்களைக் கொண்டது. நோயாளரை உடனுக்குடன் வைத்தியசாலையிற் சேர்த்துக் கண்காணித்த பொது மருத்துவ அமைப்பே அத்தொகையை அவ்வளவில் நிறுத்தியது. இலங்கையில் 2017இல் 1,86,101 பேர் பீடிக்கப்பட்டனர், இறந்தோர் 440. அவ்வாண்டின் முற்பகுதியிலே கிண்ணியா பட்ட பாட்டைக் கிழக்கு மக்கள் மறக்கவில்லை. விடுதிகளிலே கட்டிலுக்கிடையில் நிலத்திலும் நோயாளர் கிடக்க, இரவெல்லாம் நாடி பார்த்துக் குறித்த தாதியரை எந்தப் புள்ளிவிவரமும் குறிப்பதில்லை. இலவச மருத்துவம் என்ற கொள்கை எத்தனை குறைகளோடு நடப்பினும், அந்த 440 நாலாயிரமாகாது காத்த கரை அதுவே என்பது எமது துணிபு.

பகுப்பு முடிந்த கதையன்று. செல்வ நாடுகளில் அதிர்ச்சியுற்ற குழந்தைக்கு விரைந்து நீரேற்றுவது விதியாயிருந்தது. அவ்விதி ஆபிரிக்காவுக்கும் பொருந்துமா என்று எவரும் கேட்கவில்லை. உகண்டா, கென்யா, தன்சானியா ஆகிய நாடுகளில் 3,141 குழந்தைகளிடையே கேட்டுப் பார்த்த ஆய்வு 2011இல் வெளிவந்தது. விரைந்து நீரேற்றப்பட்டோரில் இரண்டு நாளுக்குள் இறந்தவர் நூற்றுக்குப் பத்துக்கு மேல். அவ்வாறு ஏற்றப்படாதோரில் ஏழு. மலேரியாவும் கடும் இரத்தச்சோகையும் கொண்ட அக்குழந்தைகளின் குளிர்ந்த கைகள், இலண்டனிலோ நியூயோர்க்கிலோ காணும் குளிர்ந்த கைகளல்ல. பாடநூலை எழுதுவோன் எந்நாட்டு நோயாளியைப் பார்த்து எழுதினான் என்று கேட்கும் உரிமை எமக்குண்டு; ஆசிரியர்களாகிய எமக்கு அது கடமையுங்கூட.

இதற்கு மறுதலையான செய்தியொன்றும் இலத்தீன் அமெரிக்காவிலிருந்து வந்திருக்கிறது. கிருமித்தொற்று அதிர்ச்சிக்கான சிகிச்சையை, ஆய்வுகூடத்திற் குருதியின் இலாக்ரேற்று அளவைக் கொண்டு நடத்துவது சிறந்ததா, விரல் நுனியை அழுத்திவிட்டு நிறம் மீளும் நேரத்தைக் கொண்டு நடத்துவது சிறந்ததா என்று சிலி முதலிய ஐந்து நாடுகளின் 28 தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் 424 நோயாளரிடையே ஒப்பிட்டனர். முடிவு 2019இல் வெளிவந்தது. விரலால் வழிநடத்தப்பட்டோரில் இறந்தவர் நூற்றுக்கு ஏறக்குறைய 35. ஆய்வுகூடத்தால் வழிநடத்தப்பட்டோரில் 43. இவ்வேறுபாடு தற்செயலானதன்று என்று உறுதி கூறக் கணிதம் இடந்தரவில்லை. ஆயினும் விலையுயர்ந்த யந்திரத்தினும் வெறுங்கை தாழ்ந்ததன்று என்பதையாவது மறுப்பதற்கில்லை.

சென்ற மழைக்காலத்திலே நுளம்பு பெருகியபோது, இலக்கண பாடத்தை ஒருநாள் நிறுத்திவிட்டு இதனை எம் வகுப்பிற் செய்து பார்த்தோம். ஒருவர் விரலை மற்றவர் நகத்தின் மேல் ஐந்து விநாடி அழுத்தி, விட்டதும் எண்ணினர். நகம் வெளிறி, ‘ஒன்று, இரண்டு’ என்று எண்ணுமுன் மீண்டும் சிவந்தது. மூன்றைத் தாண்டினால் என்ன செய்வதென்று ஒருவன் கேட்டான். அதற்கு விடை சொன்னவள் அந்த மாணவியே: “காய்ச்சல் விட்டுத்தெண்டு இரிக்கப்படா, உடனே ஆஸ்பத்திரிக்குப் போகணும்.” அன்று மாலை அவர்களிற் சிலர் தம் வீட்டு முதியோரின் விரல்களையெல்லாம் அழுத்திப் பார்த்தனர் என்று மறுநாள் பெற்றோர் வந்து கூறினர்.